ஆய்வுக்கூடத்தை விட்டுக் கிளம்பும்போது எது உங்களுடையது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்டம் பெற்றவர்கள் உயிர்மருத்துவ ஆய்வுக்கூடங்களில் போஸ்ட்டாக் பணியில், அதாவது பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகள் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணியில், சேருவது எப்படி என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆய்வுக்கூடத் தலைவருக்கு மின்னஞ்சல் எழுதும் முறை, பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணலில் ஆற்ற வேண்டிய உரை, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் விதம் எல்லாம் அதில் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் அங்கிருந்து வெளியே வரும்போது என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போஸ்ட்டாக் பணியில் சேருகிற எவரும் சில ஆண்டுகளில் அங்கிருந்து கிளம்பியே ஆக வேண்டும். அதனால், சேருவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கே நான் செய்யப்போகும் ஆய்வில் எந்தப் பகுதியை என்னுடன் எடுத்துப் போகலாம்?

நான் நோய் எதிர்ப்பியல் துறையில் இரண்டு ஆய்வுக்கூடங்களில் போஸ்ட்டாக்காக இருந்தவள். இப்போது ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் நிரந்தர விஞ்ஞானியாக இருக்கிறேன். சுண்டெலிகளின் இனப்பெருக்கப் பதிவேடு, திரவ நைட்ரஜன் தொட்டி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகள், செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் ஆகியவை என் பொறுப்பில் இருக்கின்றன. யார் கிளம்பினாலும் கடைசி வாரத்தில் என்னிடம் வருவார்கள். எந்தப் பெட்டியில் யாருடைய செல்கள், எந்தக் கூண்டில் யாருடைய எலிகள், எதை யாரிடம் ஒப்படைப்பது என்று உட்கார்ந்து பட்டியல் போடுவோம். ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டியது யார் கைக்குப் போகிறது என்பது பல நேரங்களில் அந்தப் பட்டியலில்தான் முதன்முதலாக எழுத்துக்கு வருகிறது. அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருக்கும்.

போஸ்ட்டாக் பணியின் நோக்கமே, ஒருவர் தன் பெயரில் ஒரு கேள்வியை எழுப்பி, அதைத் தனியாக நின்று தொடரக் கற்றுக்கொள்வது. பேராசிரியர் பணிக்கான தேர்வுக் குழு இதைத்தான் பார்க்கிறது. "உங்கள் பழைய வழிகாட்டியும் இதே கேள்வியைத் தொடரப்போகிறாரா? அவருடைய வேலையிலிருந்து உங்களுடையது எப்படி வேறுபடும்?" என்று நேர்முகமாகவே கேட்பார்கள். இதற்குத் தெளிவான பதில் இல்லாதவருக்கு எத்தனை நல்ல ஆய்வுக் கட்டுரைகள் இருந்தாலும் குழுவின் முகம் மாறிவிடும். கிளம்பும்போது கேட்கப்படும் கேள்விக்குச் சேரும்போதே பதில் தயாராக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கணினியில் மட்டுமே செய்யும் ஆய்வில் இந்தச் சிக்கல் ஓரளவு குறைவு. உயிருள்ள பொருள்களோடு வேலை செய்கிற கூடங்களில் இது கழுத்தைப் பிடிக்கும். சுண்டெலி கருவுற்றுக் குட்டி போட மூன்று வாரம். அந்தக் குட்டி இனப்பெருக்க வயதுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம். ஒரு தலைமுறைக்குச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். ஒரு மரபணுவை ஒரே ஒரு வகைச் செல்லில் மட்டும் நீக்கிப் பார்க்க வேண்டுமானால், வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் லாக்ஸ்-பி குறிகள் பொருத்திய இனத்தையும் அங்கே வெட்டுகிற க்ரீ நொதியைத் தாங்கிய இனத்தையும் கலக்க வேண்டும். வேண்டிய மரபணு அமைப்புடன் குட்டிகள் கிடைக்கக் குறைந்தது இரண்டு தலைமுறை ஆகும். அப்போதும் ஒரு ஈற்றில் ஒன்றோ இரண்டோதான் பயன்படும். மரபுப் பின்னணியைச் சீராக்கப் பத்துத் தலைமுறை பின்கலப்பு செய்வது, அதாவது ஒரே தூய இனத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பது, நெடுநாள் வழக்கம். அதற்கு மட்டும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போகும். 2013 முதல் கிரிஸ்பர் முறையில் கருவுற்ற முட்டையிலேயே மரபணுவைத் திருத்தி எலி இனங்களை உருவாக்க முடிகிறது என்பது உண்மை; உருவாக்கும் காலம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் குட்டி வளரும் காலத்தை எந்தக் கருவியாலும் குறைக்க முடியவில்லை. இந்தக் கணக்கை ஓராண்டு ஒப்பந்தம், பிறகு நீட்டிக்கப்படலாம் என்கிற பணி ஆணையோடு வைத்துப் பாருங்கள். எலி தயாராகி, முதல் நல்ல முடிவு கிடைக்கிற நேரத்தில்தான் பெரும்பாலான போஸ்ட்டாக்குகள் அடுத்த வேலைக்கு விண்ணப்பித்துக் கொண்டிருக்கிறார்கள்.

அந்த எலி இனம் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆய்வுக் குறிப்பேடும் நிறுவனத்துக்குச் சொந்தம். இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. பொதுப்பணத்தில் உருவானவை தனி ஆளின் சொத்தாக முடியாது. கட்டுரை வெளியான பிறகு அதில் பயன்பட்ட பொருள்களை மற்ற ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும் என்று முதன்மையான ஆய்விதழ்கள் விதி வைத்திருக்கின்றன. மரபணுக்களைச் செல்லுக்குள் கொண்டுசெல்லப் பயன்படும் பிளாஸ்மிடு என்ற டி.என்.ஏ. வளையங்களைப் பகிர்வதற்கென்றே ஆட்ஜீன் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு 2004 முதல் இயங்குகிறது. எலி இனங்களைப் பாதுகாத்து வழங்கும் காப்பகங்களும் உண்டு. வெளியான பொருள் எப்படியும் கைக்கு வந்துவிடும். வெளியாகாத பொருளும், அதைவிட முக்கியமாக, அடுத்து என்ன கேட்பது என்ற யோசனையும் யாருடையவை என்பதில்தான் மனக்கசப்பு பிறக்கிறது. யோசனைக்கு எந்தப் பதிவேட்டிலும் பக்கம் கிடையாது.

நான் முன்பு பணிபுரிந்த ஒரு கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் ஓர் இளைஞர் இருந்தார். குடல் சுவரில் தங்கியிருக்கும் ஒரு வகை டி செல் (நோய் எதிர்ப்புச் செல்), தொற்று இல்லாத காலத்தில் எப்படி அடங்கிக் கிடக்கிறது என்பது அவர் எழுப்பிய கேள்வி. கூடத்தின் நிதி விண்ணப்பத்தில் அது இல்லை; அவரே படித்து, யோசித்து, தலைவரிடம் அனுமதி பெற்றுத் தொடங்கினார். எலியையும் அவரே உருவாக்கினார். விடுமுறை நாள்களிலும் கூண்டு அட்டைகளைச் சரிபார்க்க வந்து நிற்பார். அந்த வேலையை முன்வைத்தே அவருக்கு உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. கிளம்புகிற மாதத்தில்தான் தலைவர் சொன்னார், அதே எலியை வைத்து அடுத்த கட்ட ஆய்வைப் புதிதாக வந்திருக்கும் போஸ்ட்டாக் செய்வார் என்று. இளைஞர் அதுவரை கேட்கவில்லை. தலைவரும் அதுவரை சொல்லவில்லை. தலைவரின் மௌனத்தை இவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். இவருடைய மௌனத்தைத் தலைவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலிகளைப் புதிய இடத்துக்குத் தருவதற்கான பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் இரண்டு நிறுவனங்களின் சட்ட அலுவலகங்களுக்கு இடையே போய்வந்து கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்து எலிகள் வந்து சேர்ந்தாலும் நேராகக் கூண்டில் விட முடியாது. புதிய விலங்குக் கூடத்துக்குள் நோய்க்கிருமி எதுவும் நுழையாதிருக்கத் தனிமைப்படுத்த வேண்டும். சில இடங்களில் கருவை எடுத்து வேறு தாய் எலிக்கு மாற்றி, அதிலிருந்து இனத்தை மறுபடியும் தொடங்க வேண்டும். அதற்கும் மாதங்கள் ஆகும். அவருடைய கூண்டுகள் நிரம்புவதற்குள் பழைய கூடத்திலிருந்து அடுத்த கட்டுரை வந்துவிட்டது. புதிய பேராசிரியருக்கு நிறுவனம் தரும் தொடக்க நிதி அதுவரை சும்மா காத்திருக்காது. ஆள்களுக்குச் சம்பளமாகவும் கூண்டு வாடகையாகவும் கரைந்துகொண்டே இருக்கும். அவர் கேள்வியை மாற்றிக்கொண்டார். இன்று நல்ல ஆய்வாளராக இருக்கிறார். ஆனாலும் அந்த டி செல்லைப் பற்றி அவரளவுக்கு யோசித்தவர் எவரும் இல்லை என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். அறிவியலுக்கே அது ஓர் இழப்பு என்று நினைக்கிறேன்.

அந்தத் தலைவரைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கமல்ல. அவருடைய ஆய்வு நிதியை, அதாவது நல்கையை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கையிலிருக்கும் மிகச் சூடான முடிவைக் காட்டாமல் புதுப்பிக்க முடியாது. அந்த எலியை நம்பி ஒரு மாணவியின் முனைவர் பட்டமும் இருந்தது. இப்படிப்பட்ட நியாயமான தேவைகள் இருபுறமும் இருப்பதால்தான், முடிவு வருவதற்கு முன்பே, யாருக்கும் இழப்பதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில், பேசி முடிக்க வேண்டும் என்கிறேன். பூப்பதற்கு முன்னால் வரப்பு கட்டுவது எளிது. கதிர் முற்றிய பிறகு அண்ணன் தம்பிக்குள்ளும் அது சண்டையாகிவிடும்.

வெங்கி ராமகிருஷ்ணனின் வாழ்க்கையை நம்மவர்கள் பெருமையோடு சொல்வார்கள். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று உயிரியலுக்கு மாறியவர், சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் பணி கிடைக்காதவர், பின்னால் நோபல் பரிசு பெற்றவர் என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். எனக்கு அந்தக் கதையில் வேறொரு பகுதி முக்கியமாகப் படுகிறது. அவர் 1978 முதல் 1982 வரை யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரின் கூடத்தில் போஸ்ட்டாக்காக, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறு துணையலகை ஆராய்ந்தார். பிறகு புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் 1983 முதல் 1995 வரை விஞ்ஞானியாக இருந்தபோதும் ரைபோசோமைக் கைவிடவில்லை. 2000ஆம் ஆண்டு அவருடைய குழு சிறு துணையலகின் முப்பரிமாண அமைப்பை அணு அளவில் வெளியிட்டது. அதே ஆண்டில் யேலில் மூரும் தாமஸ் ஸ்டைட்ஸும் பெரிய துணையலகின் அமைப்பை வெளியிட்டார்கள். 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், அடா யோனாத் மூவருக்கும் கிடைத்தது. போஸ்ட்டாக்காக இருந்த இடத்தில் கற்ற ஆய்வுப் பொருளை ஒருவர் தன்னுடன் எடுத்துச் சென்றார். பழைய வழிகாட்டியும் அதே பொருளில் தொடர்ந்தார். இரு தரப்புக்கும் இடம் இருந்தது. பொருள் போதிய அகலம் உள்ளதாக இருந்தால் இது முடியும். ஒற்றை மரபணு, ஒற்றை எலி என்று குறுகியிருந்தால் இருவர் நிற்க இடம் இருக்காது. கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த அகலத்தைப் பார்க்க வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2006இல் அறிவித்த கே99-ஆர்00 விருதில், போஸ்ட்டாக்காக இரண்டு ஆண்டு வரையும், பிறகு சொந்தக் கூடத்தில் மூன்று ஆண்டு வரையும் நிதி உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும்போது வழிகாட்டி எழுதும் அறிக்கையில், ஆய்வின் எந்தப் பகுதியை விண்ணப்பதாரர் தன்னுடன் கொண்டுபோகலாம் என்பதைச் சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதைக் கவனமாகப் படிப்பார்கள். எத்தனையோ கூடங்களில் தலைவரும் போஸ்ட்டாக்கும் இதைப் பற்றி முதன்முதலாகப் பேசுவதே அந்த விண்ணப்பத்தின் கட்டாயத்தால்தான். அந்த விருது மிகச் சிலருக்கே கிடைக்கிறது. விருதுக்கு விண்ணப்பிக்காதவருக்கும் அந்த ஒரு பக்கம் ஏன் கிடைக்கக் கூடாது?

சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதோடு பின்னிக் கிடக்கிறது. தலைவரின் நல்கையிலிருந்து சம்பளம் வந்தால், அந்த நல்கையில் எழுதப்பட்ட நோக்கங்களுக்காகவே வேலை செய்ய வேண்டியிருக்கும். கேள்வி முன்பே அவர் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. எம்போ, மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி, மனித முன்னெல்லை அறிவியல் திட்டம் போன்ற உதவித்தொகைகளில் ஒன்றைச் சொந்தமாகப் பெற்று வருபவர், தானும் சேர்ந்து எழுதிய திட்டத்தோடு வருகிறார். பேச்சுவார்த்தையில் அவருக்கு உயரம் கூடும். ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. சில இடங்களில் உதவித்தொகை பெறுபவரை நிறுவனம் ஊழியராகக் கணக்கில் எடுப்பதில்லை. அப்போது ஓய்வூதியப் பங்களிப்பு போன்ற சலுகைகள் போய்விடலாம். பணி ஆணையைப் படிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

போஸ்ட்டாக்குகளின் மேல் கடிகாரங்கள் நிறையவே ஓடுகின்றன. ஜெர்மனியில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆறு ஆண்டு வரையே தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கும்படி வரம்பு போட்டது. மருத்துவத் துறைக்கு ஒன்பது ஆண்டு. ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைக்குப் பட்டம் பெற்று எட்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கே99க்கு நான்கு ஆண்டு போஸ்ட்டாக் அனுபவத்துக்குள். அமெரிக்காவில் ஜே-1 விசாவில் வரும் ஆய்வாளர் அதிகபட்சம் ஐந்து ஆண்டு இருக்கலாம். இவை எல்லாம் ஆளின் காலத்தை அளப்பவை. ஆய்வு எவ்வளவு காலம் எடுக்கும் என்பதைப் பற்றி இவற்றில் எதற்கும் அக்கறை இல்லை. விசாவைப் புதுப்பிக்கத் தலைவரின் கையெழுத்து தேவைப்படுகிற ஓர் ஆய்வாளர், மூன்றாம் ஆண்டில் போய் "என் பங்கு எது?" என்று எப்படி வாய்விட்டுக் கேட்பார்? வேறு நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் முதல் வாரத்திலேயே எழுத்துப்பூர்வமான பதில் அதிகம் தேவை.

சம்பளத்தைப் பற்றி இப்போது வெளிப்படையாகப் பேசப்படுகிறது, மகிழ்ச்சி. 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்குகளும் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 48,000 பேர் பங்கேற்றார்கள். தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கிய குழு 2023 டிசம்பரில் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 70,000 டாலராக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2024இல் அந்த நிறுவனங்கள் தம் உதவித்தொகையின் தொடக்க நிலையை 56,484 டாலரிலிருந்து 61,008 டாலராக உயர்த்தின. இவை கூட்டமாக நின்று பெற்றவை. ஆய்வின் எந்தப் பகுதி யாருக்கு என்பது கூடத்துக்குக் கூடம், ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தனித்தனியாகக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்களுக்கு, என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் இளைஞர்களுக்குச் சொல்வதையே சொல்கிறேன். நேர்காணலுக்கு முன்பே கூடத்தின் பழைய போக்கைக் கண்டுபிடிக்கலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் அந்தத் தலைவர் ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட கட்டுரைகளை எடுங்கள். முதல் பெயராக (வேலையைச் செய்தவராக) இருந்த போஸ்ட்டாக்குகளைக் குறித்துக்கொண்டு, அவர்கள் இப்போது கடைசிப் பெயராக (கூடத்தின் தலைவராக) வெளியிடும் கட்டுரைகளைத் தேடுங்கள். அதே பொருளில், பழைய தலைவரின் பெயர் இல்லாமல், கட்டுரைகள் வந்திருந்தால் அந்தக் கூடம் ஆள்களைத் தாராள மனத்தோடு அனுப்புகிறது என்று கொள்ளலாம். எல்லாரும் அடியோடு வேறு பொருளுக்கு மாறியிருந்தால் காரணம் கேளுங்கள். ஒருவருடைய பெயரும் எங்கும் தென்படவில்லை என்றால் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். தனியார் நிறுவனங்களிலும் அரசுத் துறையிலும் ஆய்விதழ்களிலும் பணி செய்கிறவர்கள் பெரும்பாலும் கட்டுரை வெளியிடுவதில்லை. அவர்களைத் தேடி இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். கூடத்தில் இப்போது இருப்பவரைவிட, கிளம்பி இரண்டு மூன்று ஆண்டு ஆனவர் மனம் திறந்து பேசுவார்.

தலைவரிடம் கேட்பதும் அத்தனை கடினம் அல்ல. என் இரண்டாவது கூடத்தின் தலைவர் நான் கேட்பதற்கு முன்பே, சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு பக்கம் எழுதித் தந்தார். நான் ஆராயவிருந்த இரண்டு ஏற்பிகளில் (செல்லுக்கு வரும் செய்தியைப் பெறும் புரதங்களில்) ஒன்று கூடத்தின் பழைய ஆய்வு, மற்றொன்றை நான் கொண்டுபோகலாம். கட்டுரை ஏற்கப்பட்டதும் அந்த எலிகளில் சில ஜோடிகள் என்னுடன் வரும். நான் கிளம்பிய பிறகு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அந்த ஏற்பியில் புதியவரை அவர் அமர்த்தமாட்டார். சூழ்நிலை மாறினால் இருவரும் உட்கார்ந்து திருத்துவோம். அவ்வளவுதான். சட்டமொழி ஒரு சொல் இல்லை. நடுவில் ஒருமுறை, என் முடிவுகள் எதிர்பாராத பக்கம் திரும்பியபோது, அதை இருவரும் எடுத்து வைத்துத் திருத்தவும் செய்தோம். பின்னால் நான் தனிக் கூடம் தொடங்காமல் நிரந்தர விஞ்ஞானிப் பணியைத் தேர்ந்தெடுத்தேன். அது என் விருப்பம். ஆனால் அந்தப் பக்கம் கையில் இருந்த ஆண்டுகளில் நான் வேலை செய்த தெம்பே வேறு. எந்தச் சோதனையைத் தலைவருக்காகச் செய்கிறேன், எதை எனக்காகச் செய்கிறேன் என்பது தெரிந்திருந்தது. இரண்டையும் முழுமனத்தோடு செய்தேன்.

ஆய்வுக்கூடங்கள் வெளியிடும் பணி விளம்பரங்களில் தேவைப்படும் தொழில்நுட்பத் திறன்கள் பத்து வரிக்கு வருகின்றன. ஃப்ளோ சைட்டோமெட்ரி, ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. வரிசையறிதல், எலி அறுவை என்று நீள்கிறது பட்டியல். சம்பளம் எந்த நிதியிலிருந்து, அந்த நிதி எந்தத் தேதி வரை, ஆய்வில் எந்தப் பகுதியைச் சேருகிறவர் தனதாக வளர்க்கலாம் என்று மூன்று வரி சேர்ப்பதற்கு ஒரு செலவும் இல்லை. நிதி வழங்கும் அமைப்புகள் நினைத்தால், போஸ்ட்டாக்குக்குச் சம்பளம் ஒதுக்கும் ஒவ்வொரு நல்கையிலும் அந்த ஒரு பக்கக் கடிதத்தைக் கட்டாயமாக்கலாம். தரவுகளை எப்படிப் பாதுகாத்துப் பகிர்வீர்கள் என்று திட்டம் எழுதித் தரும்படி தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரி முதல் கேட்கின்றன. தரவுக்குக் கேட்க முடிகிறபோது அதை உண்டாக்கிய ஆளுக்கும் கேட்கலாம்.

பணி ஆணை கைக்கு வந்து, இன்னும் கையெழுத்திடாமல் இருக்கும் தங்கள் வாசகர்கள் யாரேனும் இதைப் படித்தால், தலைவருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதும்படி வேண்டுகிறேன். "தங்கள் கூடத்தில் சேருவதில் மிக்க மகிழ்ச்சி. இந்த ஆய்வில் எந்தப் பகுதியை நான் பின்னாளில் சொந்தமாகத் தொடரலாம் என்று தாங்கள் நினைக்கிறீர்கள்? அதைப் பற்றிச் சேருவதற்கு முன் ஒருமுறை பேசலாமா?" இதற்கு மேல் எதுவும் வேண்டாம். நல்ல தலைவர் இந்தக் கடிதத்தைப் பார்த்து மகிழ்வார். பதிலே வராவிட்டாலும், கோபமாக வந்தாலும், கையெழுத்திடுவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.

தங்கள் கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருந்தீர்கள். அதில் ஏற்கெனவே போஸ்ட்டாக் முடித்து வெளியேறியவர்கள் சிலரிடமும் கேட்டு எழுதுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி
(பெயரும் முகவரியும் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன், வெளியிட வேண்டாம்.)